பீடியில் வருகிற ப

"பிடி சார், பிடி!" என்று சந்துரு கத்தினான். ரத்தினவேல் பிடித்தார்.

முகம் புல்லில் அழுந்தியிருந்தது. முதுகின்மேல் ஒருவன் கிடந்தான், அவன்மேல் இன்னொருவன். இத்தனைக்கும் நடுவில் பந்து ரத்தினவேலின் வயிற்றுக்கடியில் பத்திரமாக இருந்தது. "பிடி! பிடி!" என்று சந்துரு தொண்டை கிழியக் கத்தக் கத்த, அவர் பந்தைப் பெற்ற பிள்ளையைப் போல இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். விசில் ஊதியது. பயிற்சியாளர் பசவராஜ் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அவர்கள் பந்தை வாங்கிக்கொண்டு ஓடி, கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து ஆடிய ஆட்டம்தான் என்றாலும் தோற்றது தோற்றதுதான்.

ரக்பியில் இது பெரிய குற்றம். பந்தோடு ஓடுகிறவனை எதிராளி மடக்கிக் கீழே சாய்த்துவிட்டால், சாய்ந்தவன் அந்தக் கணமே பந்தை விட்டுவிட வேண்டும். அவன் விட்டால்தான் பின்னால் வருகிற கூட்டாளி அதை எடுத்துக்கொண்டு போக முடியும். அந்த அணியில் அப்படிப் பின்னால் வந்து பந்தை எடுக்கிறவன் சந்துரு. அவன்தான் கேப்டனும். எடுக்க வந்தவனிடம் கொடுக்காமல், தரையோடு தரையாகப் படுத்துப் பந்தைக் காவல் காத்த ஒரே ஆள் ரத்தினவேல். இது முதல் தடவையும் இல்லை.

பசவராஜ் ராணுவத்தில் ஆடியவர். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அவர் ரத்தினவேலைத் தனியே கூப்பிட்டுக் கன்னடத்தில் சொன்னார். நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

"ரத்னவேல் அவரே, உடம்பைக் கொடுத்து ஆடறீங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா விழுந்தா பந்தை விட மாட்டேங்கறீங்க. வர்ற ஞாயிறு பெங்களூர் டீம் வருது. இப்படியே இருந்தா உங்களை வெளியில உட்கார வைக்கறதைத் தவிர வேற வழியில்ல. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. வெளியூர்க்காரர்களை எதிர்த்து, முதுகில் நம்பர் போட்ட ஜெர்சியோடு, வாழ்நாளில் ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவ்வளவுதான் அவர் ஆசை. அதுவும் இப்போது கையை விட்டுப் போகிறது.

நாற்பதைத் தாண்டியவருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நீங்கள் கேட்கலாம். மனைவி ரூபா கேட்டாள். எதிர்வீட்டு கௌரம்மா கேட்டார். இடுப்பைப் பார்த்த டாக்டர் கேட்டார். ரத்தினவேல் ஞாயிறானால் ஸ்கூட்டரை எடுத்தார்.

அவருக்கு ஊர் அந்தியூர். டிப்ளமோ முடித்த கையோடு பர்கூர் மலை வழியே பஸ் ஏறி மைசூருக்கு வந்தவர், நஞ்சன்கூட்டில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் சேர்ந்து, இப்போது அங்கே ஷிப்ட் இன்சார்ஜ். சந்துரு அவருக்குக் கீழே மிஷின் ஓட்டுகிற நஞ்சன்கூட்டுப் பையன். ஒரு திங்கட்கிழமை காதெல்லாம் வீங்கி வந்தான். எங்கேயோ அடிதடிக்குப் போயிருக்கிறான் என்று நினைத்து ரத்தினவேல் கூப்பிட்டு விசாரித்தார். அவன் ரக்பி என்றான். அவர் முழிப்பதைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க சார்" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தான். மரியாதைக்குச் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொள்கிற ஜாதி ரத்தினவேல். போகாதி ரோட்டுப் பக்கம் இருந்த மைதானத்துக்கு ஸ்கூட்டரில் போய் இறங்கிவிட்டார்.

அன்றைக்கு ஓர் ஆள் குறைந்தது. மோதிப் பழகுகிற பெரிய பஞ்சு மூட்டையை இவர் கையில் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். ஓடிவந்த ஒருவன் மோதிய மோதலில் மூட்டை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மல்லாந்து கிடந்தவர் கண்ணுக்கு முதலில் சாமுண்டி மலை தெரிந்தது, பிறகு ஒரு கை தெரிந்தது. "ஏளி சார்" என்றான் சந்துரு. எழுந்திருங்கள் என்று அர்த்தம். அந்தக் கை இவர் கையை மணிக்கட்டு வரை கவ்வி, ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தியது. கடைசியாகத் தன்னை ஒருவர் இப்படித் தொட்டது எப்போது என்று அவருக்கு நினைவு வரவில்லை. வலித்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அதனால் அடுத்த ஞாயிறும் போனார்.

கம்பெனியில் அவர் சார். அடுக்ககத்தில் அங்கிள். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை. ரூபாவுக்கு என்னங்க. 'டேய் ரத்தினம்' என்று கூப்பிட ஊரில் ஒரு கூட்டம் இருந்தது, அதுவும் இப்போது அவரவர் பிழைப்போடு போய்விட்டது. நாமும் வந்ததிலிருந்து அவர் இவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊரே அப்படிச் சொல்லும்போது நமக்கு மட்டும் தனியாக உரிமை எங்கிருந்து வரும்?

பசவராஜ் எச்சரித்த அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து கவிழ்ந்து படுத்தவரின் முதுகுக்கு ரூபா தைலம் தேய்த்தாள். அவள் மைசூரில் பிறந்து வளர்ந்தவள். வாயைத் திறந்தால் முதலில் கன்னடம் வரும், பிறகு தமிழ் வரும், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

"அவனேதான் பிடின்னு கத்துனான் ரூபா. நானும் பிடிச்சேன். அப்பறம் எல்லாருமாச் சேர்ந்து என்னையவே சொன்னா, நான் என்னதான் பண்டறது?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு பிடின்னாங்க?"

"சந்துருதான்."

"சந்துரு கன்னடத்துப் பையன் அல்வா, இல்லையா? அவனுக்குத் தமிழ் எங்கேங்க வரும்?"

"தமிழ் வராது."

"அய்யோ, மாராயா!" என்று அவள் தைலப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அது உங்க பிடி இல்லைங்க. எங்க பிடி. பஸ்ஸுக்கு வர்ற ப, பீடிக்கு வர்ற ப. விடுங்க, விடுங்கன்னு அவன் உயிரை விட்டுட்டு இருக்கான், நீங்க கட்டிப் பிடிச்சுட்டுப் படுத்துக்கறீங்க!"

ரத்தினவேல் தலையைத் தூக்கிப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத சொல்லா என்ன? நஞ்சன்கூடு பஸ்ஸில் தினமும் யாராவது "ஜாக பிடி" என்கிறார்கள், அவரும் வழி விடுகிறார். ஒருநாளும் யாருடைய இடத்தையும் பிடித்ததில்லை. கம்பெனியில் நாள் முழுக்கக் கன்னடத்தில் வேலை வாங்குகிறார். ஆனால் நிமிர்ந்து நிற்கும்போது கன்னடம் கேட்கிற காது, மூச்சு முட்டித் தரையில் கிடக்கும்போது அந்தியூருக்குப் போய்விடுகிறது. எழுதிக் காட்டித் திருத்திக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

"சரி, இதுக்கு என்ன செய்யோணும்?"

"மரியாதை குடுக்காம சொல்லச் சொல்லுங்க. பிடின்னா விடுங்க. பிடுன்னா விடு. பிடு, விடு, ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கா? உங்க காதுக்கே புரியும்."

இப்படி ஒரு சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த மரியாதைதான் தன்னை இத்தனை நாள் கவிழ்த்தது என்று தெரிந்ததும் ரத்தினவேலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பயிற்சியில் விஷயத்தைச் சொன்னார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பசவராஜ், "ரிலீஸ்னு இங்கிலீஷ்ல கத்திட்டாப் போச்சு" என்றார். அப்படியே செய்து பார்த்தார்கள். முதல் மோதலில் ரிலீஸ் வந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பையன்கள் வாயிலிருந்தும் அவரவர் அம்மா சொல்லிக் கொடுத்த பாஷைதான் வந்தது. மறுபடியும் 'பிடி சார்', மறுபடியும் ரத்தினவேல் பந்தோடு படுத்துக்கொண்டார்.

"பிடுன்னு சொல்லு. சார் வேண்டாம்" என்றார் சந்துருவிடம்.

"ஆகட்டும் சார்."

"சொல்லிப் பாரு."

சந்துரு வாயைத் திறந்தான். "பிடு..." என்று இழுத்தான். இழுத்து, "...ங்க" என்று ஒரு தமிழ் வாலைக் கொண்டுவந்து ஒட்டினான். தமிழ் தெரியாத பையனுக்கு இந்த ஒரு வால் மட்டும் எப்படித் தெரிந்ததோ! எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு இன்னொன்றையும் ரத்தினவேல் கவனித்தார். சந்துரு மற்றவர்களை டேக்கிள் செய்யும்போது தோளால் இடித்து மண்ணில் சாய்க்கிறான். இவரிடம் வரும்போது மட்டும் இடுப்பைப் பிடித்து, பூசணிக்காயை வண்டியிலிருந்து இறக்குவது போல மெதுவாக இறக்குகிறான். இத்தனை நாளும் தனக்கு விழத் தெரிந்துவிட்டது என்றல்லவா பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது, "ஏன், என்னை இடிக்க மாட்டியா?" என்று கேட்டார்.

சந்துரு ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். பிறகு உள்ளதைச் சொல்லிவிட்டான். "அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு பார்ப்பாங்க சார். நீங்க சொல்றதுதான் நடக்கும். ஞாயித்துக்கிழமை உங்களைத் தள்ளிட்டு, பிடுன்னு கத்திட்டு, திங்கக்கிழமை உங்க முன்னாடி எப்படி நிக்கறது? வாய் வர மாட்டேங்குது சார்."

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை ரத்தினவேலுக்குச் சிக்னல் எதுவும் கண்ணில் படவில்லை. முதல் நாள் மணிக்கட்டைக் கவ்வித் தூக்கிய கையை நினைத்துப் பார்த்தார். அது அவரைத் தூக்கியதா, ஷிப்ட் இன்சார்ஜைத் தூக்கியதா? மூட்டை பிடிக்கக் கூப்பிட்டதும், டீ வாங்கிக் கொடுத்ததும், ஜெர்சிக்கு அளவு கேட்டதும் எல்லாமே அந்தக் கணக்கில்தானா? கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத கேள்வி. கேட்டால் 'அப்படியெல்லாம் இல்ல சார்' என்று சொல்வான். அந்த சாரிலேயே பதில் இருக்கும்.

மறுநாள் பிளாண்ட் மேனேஜர் அறைக்குப் போனார். "சந்துரு விஷயத்துல என்னை விட்டுட்டு வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க சார். நான் அவன்கூட ஞாயித்துக்கிழமை விளையாடறேன். நல்லதாச் சொன்னாலும் ஒரு பேச்சு வரும், கெட்டதாச் சொன்னாலும் ஒரு பேச்சு வரும்." மேனேஜர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். பொறுப்பு அடுத்த ஷிப்ட் உதயகுமாருக்குப் போயிற்று. ரத்தினவேலுக்கு மனசு லேசானது. சந்துருவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியம் தானாகவே விளங்கும் என்று நினைத்துக்கொண்டார். மனிதர்கள் செய்கிற பெரிய முட்டாள்தனங்களில் இது ஒன்று.

ஞாயிறு காலை மைதானத்தில் சந்துரு இவரைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். குட் மார்னிங் இல்லை. ஜெர்சியைக் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் போட்டுவிட்டுப் போனான். ரத்தினவேலுக்குச் சுருக்கென்றது. சுரேந்தர் என்கிற பையன்தான் காதில் சொன்னான்: "நேத்து சாயங்காலம் தெரிஞ்சுதாம் சார். நீங்க அவன் வேலை விஷயத்தைப் பார்க்க மாட்டேன்னு எழுந்து வந்துட்டீங்களாமே. ராத்திரி சாப்பிடவே இல்லையாம்."

பேசுவதற்குள் விசில் ஊதிவிட்டது. பசவராஜ் சொன்னபடியே இவரை வெளியில் உட்கார வைத்தார். பெங்களூர்க்காரர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள். மைசூர்ப் பையன்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பாதி ஆட்டம் தாண்டி, சுரேந்தருக்குக் கணுக்கால் பிசகியது. பசவராஜ் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

"போங்க ரத்னவேல் அவரே. விழுந்தா விட்டுடுங்க. இன்னொரு தடவை பிடிச்சீங்கன்னா உடனே வெளியே வரணும்."

உள்ளே போனார். முதல் மோதலிலேயே ஒரு பெங்களூர்க்காரன் இவரை இடித்த இடியில் பல் கலகலத்தது. அவனுக்கு இவர் யாரென்று தெரியாது. சாரும் இல்லை, அங்கிளும் இல்லை, மஞ்சள் ஜெர்சி போட்ட ஓர் ஆள். ரத்தினவேல் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த வலியிலும் அவனுக்கு நன்றி சொல்லலாம் போலிருந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எப்படியோ பந்து எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. சந்துரு கொடுக்க வேறு ஆளில்லாமல் இவர் பக்கம் எறிந்தான். ரத்தினவேல் பந்தை மார்போடு அணைத்துத் தலையைக் குனிந்து ஓடினார். ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் முன்னால் போனார். ஒருவன் காலைக் கட்டினான், இன்னொருவன் தோளில் விழுந்தான். கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் மண்ணைக் கவ்வினார். மூச்சு நின்றது. மேலே யார் யாரோ விழுந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. காது அந்தியூருக்குக் கிளம்பத் தயாரானது. கைகள் பந்தை இறுக்கத் தொடங்கின.

"பிடோ! லோ, பிடோ!"

அடித் தொண்டையிலிருந்து, ஒரு ராத்திரி ஆத்திரம் முழுவதையும் சேர்த்து வந்த குரல். டேய், விடுடா என்று அர்த்தம். அர்த்தம் மனசுக்குப் போய்ச் சேருமுன்பே கைகளுக்குப் போய்விட்டது. சின்ன வயசில் பம்பரத்தைப் பறித்துக்கொண்டு ஓடியபோது கேட்ட குரல், பஸ் ஜன்னலில் துண்டு போட்டுச் சண்டை போட்டபோது கேட்ட குரல். ரத்தினவேல் விட்டார். பந்து பின்னால் உருண்டது. அவர் முதுகில் ஒரு கால் ஊன்றி, அவரைத் தாண்டி யாரோ பாய்ந்தார்கள். பிறகு பெரிய கூச்சல் கேட்டது. பந்தைக் கோட்டுக்கு அப்பால் அழுத்திக்கொண்டு சந்துரு கிடந்தான்.

மைசூர் அணிக்கு அன்று கிடைத்ததெல்லாம் அந்தப் புள்ளிகள்தான். படுதோல்வி. ஆனால் பசவராஜ் குதித்த குதியைப் பார்த்தவர்கள் கோப்பையே கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் ரத்தினவேல் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தார். சந்துரு வந்து எதிரில் நின்றான்.

"யாக்கே சார் கை பிட்ரி?" என்றான். ஏன் சார் கைவிட்டுட்டீங்க என்பதுதான். இதை மட்டும் ரத்தினவேலின் காது சரியாகக் கேட்டது.

"கைவிடலப்பா. உன் பிழைப்பு என் கையில இருந்தா, உன் வாயில அந்தச் சொல்லு வராது. அதனாலதான் விலகிட்டேன்."

சந்துருவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் இன்னும் சிவந்தது. "அதாவது, நான் உங்களை ஒரு தடவை பிடுன்னு சொல்றதுக்காக என் வேலையில கை வெச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? உதயகுமார் சார் எவ்வளவு கெடுபிடின்னு தெரியுமா? எங்க அம்மாகிட்ட எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க நேத்துலேர்ந்து அழுதுட்டு இருக்காங்க."

ரத்தினவேல் இதை யோசிக்கவே இல்லை. விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாரே தவிர, கேட்காமல் செய்ததும் இன்சார்ஜ் புத்திதான் என்று இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"கேட்டிருக்கணும்" என்றார். "கேக்காம செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சுடு. உதயகுமார் கெடுபிடிதான், ஆனா வேலை தெரிஞ்சவன். நீயும் வேலை தெரிஞ்சவன். உங்க அம்மாகிட்ட நானே வந்து பேசறேன்."

"ஒண்ணும் வேண்டாம். அதை நானே சொல்லிக்கறேன்."

தூரத்தில் பையன்கள் பெங்களூர்க்காரர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்துரு மூக்கைத் துடைத்துக்கொண்டான். காலால் புல்லைக் கிளறினான்.

"நீனு ஒள்ளே ஆளு" என்றான். நல்ல ஆளுதான் நீ என்று. நக்கலா, நிஜமா என்று அவன் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவன் சொன்னது நீங்கள் இல்லை, நீ. ஆத்திரமெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகும் அது நீதான்.

பிறகு குனிந்து கையை நீட்டினான். பழக்க தோஷத்தில் "ஏளி..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஏளோ" என்றான். எழுந்திருடா.

ரத்தினவேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.